கேட்கிறவருடைய சாமான்

நான் வேலை செய்த கடையில் இப்போது இருக்கும் பிள்ளை ஒருத்தி போன கிழமை என் போனுக்கு ஒரு படம் அனுப்பியிருந்தாள். கண்ணாடி அலுமாரியின் அடித்தட்டைத் துப்புரவு செய்யும்போது அகப்பட்டதாம். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய ஓர் எம்.பி.3 பிளேயர். முதுகில் பச்சை டேப் துண்டு. "லத்தீப் காக்கா, இந்தப் பச்சை என்ன அடையாளம்?" என்று கேட்டிருந்தாள். அது ஒரு பெரிய கதை என்று பதில் போட்டேன். "அப்ப எழுதுங்க, சும்மாதானே இரிக்கீங்க" என்று வந்தது. ஓய்வு பெற்றவன் சும்மா இருக்கிறான் என்று உலகமே முடிவு கட்டிவிட்டது. மீன் வாங்கவும், பேரனை மதரஸாவில் விடவும், கேஸ் சிலிண்டர் மாற்றவும் என்னை ஓட்டுகிற என் மனைவி மட்டும் அப்படி நினைப்பதில்லை.

கல்முனைக் கடைத்தெருவில் மின்சாதனங்கள் திருத்தும் கடை ஒன்றில்தான் என் உழைப்புக் காலம் முழுவதும் போனது. றேடியோ பழகினேன், பிறகு கசெட், பிறகு சீடி. ஒன்றைப் பழகி முடிக்க மற்றது வந்துவிடும். அந்த வருடங்களை இதற்கு மேல் நீட்ட ஒன்றுமில்லை. சூட்டுக்கோலால் விரலைச் சுட்டுக்கொண்டதுதான் எல்லாவற்றுக்கும் பொது. கடை முதலாளியை ஊரே ஹாஜியார் என்றுதான் கூப்பிடும். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

மலிவு விலை எம்.பி.3 பிளேயர்கள் வந்த காலத்தில் நாங்கள் ஏதோ பொம்மை வந்திருக்கிறது என்றுதான் நினைத்தோம். கொஞ்ச நாளில் கடலுக்குப் போகிறவரும் வைத்திருந்தார், வயலுக்குப் போகிறவரும் வைத்திருந்தார். எல்லோரும் வாங்கினார்கள் என்றால் எல்லோரும் திருத்தவும் கொண்டுவந்தார்கள் என்று அர்த்தம். அதில் நான் படித்த முதல் பாடம், சொந்தக்காரர் சொல்லும் நோய் ஒருபோதும் அந்தப் பெட்டியின் நோயாக இருக்காது என்பதுதான். பெரியநீலாவணையிலிருந்து ஒரு மீனவர் வந்து, "பாட்டெல்லாம் பழசாகித்து, அதான் சத்தம் குறையுது" என்றார். திறந்து பார்த்தால் உள்ளே உப்புப் பூத்துக் கிடந்தது. இன்னொருவர் தன் பெட்டி பாடல்களைத் தின்கிறது என்று சத்தியம் செய்தார். வெளியே எட்டு ஜீபி என்று எழுதி, உள்ளே இரண்டுக்குத்தான் இடம் வைத்திருந்தான் செய்தவன். பெயர்கள் எல்லாம் வரிசையாகத் தெரியும், பாட்டு பாதியில் செத்துப் போகும். அதை அவருக்கு விளங்கப்படுத்துவதற்குள் எனக்குத் தொண்டை காய்ந்துவிட்டது.

மருதமுனையில் தறி நெய்யும் பெண்கள் வாரத்துக்கு ஒருவராவது வருவார்கள். எல்லோருக்கும் ஒரே குறை, ஒரு காதில் மட்டும் கேட்கிறது. எல்லா வயரும் ஒரே மாதிரி இடத்தில் அறுந்திருந்தது. கனகாலம் யோசித்தேன். பிறகு ஒரு நாள் ஒரு தங்கச்சி கடை வாசலில் நின்று ஹிஜாபைச் சரிசெய்வதைப் பார்த்ததும் பிடிபட்டது. தறிச் சத்தத்தில் கேட்க வேண்டுமென்று ஹெட்செட்டைத் துணிக்குள்ளே போட்டு, மேலே ஊசி குத்துகிறார்கள். ஊசி துணியோடு வயரையும் குத்திவிடுகிறது. அதன் பின் ஹெட்செட் விற்கும்போதெல்லாம் ஊசியை எங்கே குத்த வேண்டும் என்றும் சொல்லிக் கொடுத்தேன். ஒரு ஆண்பிள்ளை இதைச் சொல்வது அவர்களுக்குச் சிரிப்பு, எனக்கு வெட்கம்.

ஹாஜியாரின் முறை வேறு. சாமானைக் கையில் வாங்கவே மாட்டார். கொண்டுவந்தவர் கையிலேயே அது இருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு, கதிரையில் சாய்ந்தபடி கேட்பார். "யாரு கேக்கிற?" அதுதான் முதல் கேள்வி. பிறகு, "எங்க வெக்கிற?" கடைசியாக, "நிக்கிறத்துக்கு முன்ன என்ன செஞ்ச?" பதில் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே ஒரு வார்த்தை பேச மாட்டார். குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. வாடிக்கையாளர் சத்தம் போட்டால் இவர் இன்னும் தாழ்ந்து கதைப்பார். அதைக் கேட்பதற்காகவே சத்தம் போடுகிறவர் அடங்க வேண்டியிருக்கும்.

பச்சை டேப்பின் கதை இதுதான். எங்கள் பக்கத்துப் பள்ளிவாசல் ஒன்றில் மஃரிப் தொழுகைக்கு முன் ஒலிபெருக்கியில் கிராஅத், குர்ஆன் ஓதல், போடுவார்கள். ஒரு நாள் வழக்கமான பெட்டி வேலை செய்யவில்லை என்று, பாங்கு சொல்லும் மோதினார் தன் மருமகனின் எம்.பி.3 பிளேயரை இரவல் வாங்கி மாட்டியிருக்கிறார். அதில் ஓதலும் இருந்தது, வேறு சரக்கும் இருந்தது. வரிசை மாறிப் பாடும் பொத்தான் என்று ஒன்று இருப்பது மோதினாருக்குத் தெரியாது. ஒரு சூறா முடிந்தது. அடுத்து, கதாநாயகனும் கதாநாயகியும் மழையில் ஒருவரை ஒருவர் துரத்தும் பாட்டொன்று நான்கு திசைக்கும் போனது.

மறுநாள் மோதினார் அந்தப் பெட்டியைக் கைலேஞ்சியில் சுற்றி எடுத்துவந்தார், ஏதோ செத்த எலியைப் போல. ஹாஜியார் கண்ணை மூடினார்.

"யாரு கேக்கிற?"

"ஊரே கேட்டிச்சி ஹாஜியார்."

அந்த மனுசன் சிரிப்பை அடக்கியதை அன்று ஒரு நாள்தான் கண்டேன். அன்றிலிருந்து கடையில் ஒரு சட்டம் வந்தது. ஓதல் ஏற்றும் பெட்டியில் பாட்டு ஏற்றுவதில்லை. ஓதல் மட்டும் உள்ளதற்கு முதுகில் பச்சை டேப். அதைத் தொட, தொழுமுன் கை கால் கழுவுகிற வுழூ வேண்டுமா என்று ஹாஜியார் மௌலவியிடம் போய்க் கேட்டார். தேவையில்லை என்றார் மௌலவி. அப்படியிருந்தும் பச்சை டேப் பெட்டி கடைக்கு வந்தால் ஹாஜியார் கை கழுவிவிட்டே கதிரையில் உட்காருவார். பார்த்துப் பார்த்து எனக்கும் அது பழகிவிட்டது.

இன்னொரு சட்டமும் உண்டு. பெட்டியைத் திறக்குமுன் அதற்குள் இருப்பதையெல்லாம் கொம்பியூட்டரில் பிரதி எடுத்து வைக்க வேண்டும். சரியாக வந்ததா என்று பார்க்க ஒவ்வொன்றின் தொடக்கத்தையும் முடிவையும் மட்டும் கேட்கலாம், நடுவில் கேட்கக்கூடாது. அது அடுத்தவன் வீட்டு ஜன்னலால் எட்டிப் பார்ப்பது மாதிரி என்பார். சாமானைக் கொடுத்த பின் பிரதியை அழித்துவிட வேண்டும்.

இனி நான் சொல்ல வந்த சங்கதி.

சாய்ந்தமருதிலிருந்து ஸல்மா என்று ஒரு பெண் வந்தார். நாற்பது வயது இருக்கும். கையில் ஒரு சிறிய பிளேயர், குட்டி ஸ்பீக்கர் வைத்தது, வெளிநாட்டிலிருந்து வந்தது. பற்றரி வீங்கி மூடியை மேலே தள்ளியிருந்தது. ஹாஜியார் வழக்கப்படி கேட்டார்.

"யாரு கேக்கிற?"

"எண்ட தங்கச்சிட மகள். ஹனா. சின்னப் புள்ள."

"எங்க வெக்கிற?"

"கன்னத்துக்குக் கீழ வெச்சிட்டுத்தான் படுக்கிறாள். இது இல்லாட்டி நித்திர இல்ல. மூணு நாளா வீடே முழிப்பு."

விசயம் மெல்ல மெல்ல வந்தது. தங்கச்சியின் பெயர் நஸீமா. கணவன் விட்டுவிட்டுப் போனதும், பால்குடி மறந்த கையோடு குழந்தையை மூத்தவரான ஸல்மா ராத்தாவிடம் ஒப்படைத்துவிட்டு சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போனவர். போன வீட்டில் போன் வைத்திருக்க விடவில்லை. ஓதல் கேட்கிற பெட்டி என்று சொன்னதால் இதை மட்டும் வைத்துக்கொள்ள விட்டிருக்கிறார்கள். அதில் குரல் பதியும் வசதி இருப்பது வீட்டுக்காரிக்குத் தெரியாது. குசினியில் அடுப்புக்கு முன் நின்றபடி நஸீமா மகளுக்குக் கதை கதையாகப் பதிந்திருக்கிறார். ஊருக்கு வந்த ஒரு பெண்ணிடம் கொடுத்து அனுப்பிய அந்தப் பெட்டியோடுதான் பிள்ளை வளர்ந்தது.

"இப்ப தங்கச்சி வந்துட்டா. வந்து மாசத்துக்கு மேல" என்றார் ஸல்மா. அதை ஏன் அவ்வளவு தாழ்ந்த குரலில் சொன்னார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

வீங்கிய பற்றரியைக் கழற்றி, வேறொன்றிலிருந்து மின்சாரம் கொடுத்துப் பிரதி எடுத்தேன். தொடக்கத்தையும் முடிவையும் கேட்டேன். தொடக்கம் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. முடிவு எல்லாவற்றிலும் ஒன்றுதான். தூரத்தில் ஒரு பெண் அதட்டிக் கூப்பிடுகிற சத்தம், உடனே இவருடைய அவசரக் குரல், "வாறன் மாமா." அங்கே வீட்டுக்காரியை மாமா என்றுதான் கூப்பிட வேண்டுமாம். அதோடு சரி, கதை நின்றுவிடும். ஒன்றுகூட முடியவில்லை. ஹாஜியாரிடம் சொன்னேன். "எல்லாத்திலயுமா?" என்று மட்டும் கேட்டார். ஓம் என்றேன். பெட்டியைக் கண்ணாடி அலுமாரிக்குள் தனியாக வைக்கச் சொன்னார்.

மறுநாள் பகல், ஹாஜியார் லுஹர் தொழப் போயிருந்த நேரம், இன்னொரு பெண் வந்தார். முகம் வெளிறி, மெலிந்து, முழங்கையில் பழைய எரிகாயம் ஒன்று. தான் நஸீமா என்றார்.

"காக்கா, ராத்தா ஒரு பெட்டி தந்தாவே. அது சரிவராதெண்டு சொல்லிருங்க."

"அது சரிவரும் தங்கச்சி. பற்றரி மட்டும்தான்."

"தெரியும். சரிவராதெண்டு சொல்லிருங்க."

பிறகு கண்ணாடி அலுமாரியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பிள்ளை தன்னை மாமி என்று கூப்பிடுகிறதாம், வீட்டுக்கு வரும் எந்தப் பெண்ணையும் கூப்பிடுவது போல. பக்கத்தில் படுத்தால் எழும்பி ராத்தாவிடம் ஓடிவிடுகிறதாம். அதே கதைகளைத் தான் சொன்னால், இப்படி இல்லை, நீங்க பிழையாச் சொல்றீங்க என்று காதைப் பொத்திக்கொள்கிறதாம்.

"உம்மா அதுக்குள்ளதான் இரிக்கிறா எண்டு சொல்றாள் காக்கா. நான் ஆரு அப்ப? ஏஜென்சிக்காரன் திரும்பியும் கூப்பிட்டிரிக்கான். இப்பிடியே இரிந்தா நான் போயிருவன். எனக்கு இஞ்ச என்ன வேல?"

மனதைக் கேட்டால், அந்தப் பெட்டியைச் சுத்தியலால் அடித்து ராத்தாவின் கையில் கொடுத்துவிடலாம் போலிருந்தது. ஒரு பொய், அதனால் ஒரு தாய் ஊரில் நிற்பாள். அதே நேரம், கொண்டுவந்து தந்தது ஸல்மா. அவர் முகத்தைப் பார்த்து, சரிவரும் சாமானைச் சரிவராது என்று எப்படிச் சொல்வது? அத்தோடு, மூன்று நாளாக நித்திரை இல்லாமல் அழும் பிள்ளையிடமிருந்து அந்தக் குரலையும் பிடுங்கினால் அது இந்தத் தாயிடம் வருமா, இன்னும் தூரப் போகுமா?

ஹாஜியார் தொழுதுவிட்டுத் தொப்பியோடே வந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். நஸீமா தலையைக் குனிந்து நின்றார். ஹாஜியார் கதிரையில் அமர்ந்து கண்ணை மூடினார். நல்ல பதில் ஒன்று வரும் என்று எதிர்பார்த்தால், அந்த மனுசன் பழைய கேள்வியையே கேட்டார்.

"யாரு கேக்கிற, மகள்?"

"ஹனாதான்."

"அப்ப இது ராத்தாட சாமானும் இல்ல, உங்கட சாமானும் இல்ல. புள்ளட சாமான். புள்ளயக் கூட்டி வாங்க. அவள்ட கையில குடுத்துத்தான் சரிவருமா வராதா எண்டு சொல்ல ஏலும்."

நஸீமா படியிறங்கிப் போனார். எனக்கு ஹாஜியார் மீது கோபம் வந்தது. இதெல்லாம் ஒரு சட்டமா, இந்த நேரத்தில் சட்டம் பார்ப்பதா என்று வாய்வரை வந்ததை விழுங்கினேன். அவர் புதுப் பற்றரி போடச் சொன்னார். பிறகு, "மைக்கையும் பாருங்க லத்தீப், வேர்வ போயிரிக்கும்" என்றார். உண்மைதான், பதியும் துளை அடைத்திருந்தது. கை கழுவிவிட்டு வந்துதான் துப்புரவு செய்தேன். அதில் பச்சை டேப் இல்லை. ஏன் கழுவினேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

அடுத்த நாள் மூவரும் வந்தார்கள். பிள்ளை ஸல்மாவின் அபாயாவைப் பிடித்துக்கொண்டு நின்றது. நஸீமா ஓரடி தள்ளி நின்றார். ஹாஜியார் எழுந்து, எவருக்கும் கொடுக்காத தன் கதிரையில் பிள்ளையைத் தூக்கி இருத்தினார். பெட்டியை அதன் கையில் வைக்கச் சொல்லி எனக்குக் கண் காட்டினார், வைத்தேன். மைக் திருத்தினால் சொந்தக்காரர் முன்னாலேயே பதிந்து காட்டுவது கடையின் வழக்கம்.

"மகள், இது நல்லா இரிக்கா எண்டு பாப்பம். இந்தச் சிவப்புப் பொத்தானை அமத்துங்க. போதுமெண்டு நினைச்சா திரும்பி அமத்துங்க. ஆராவது கதைக்கணும், அப்பதான் பதியும்." பிறகு நஸீமாவின் பக்கம் திரும்பி, "நீங்க எதையாவது கதைங்களன்" என்றார், பக்கத்தில் நின்றவரைச் சும்மா கேட்பது போல.

நஸீமா ஸலாம் சொன்னார். "அது காணா, இன்னும் கொஞ்சம்" என்றார் ஹாஜியார். நஸீமா ராத்தாவைப் பார்த்தார். ராத்தா தலையசைத்தார். நஸீமா, பதிந்த கதைகளில் ஒன்றான நண்டுக் கதையைத் தொடங்கினார்.

"ஒரு ஊர்ல ஒரு நண்டு. அது இரை தேடித் தூரப் போயித்து. திரும்பி வந்து பாத்தா கடல் வந்து அடிச்சி எல்லாப் பொந்தும் ஒரே மாதிரி இரிக்கி. எண்ட வீடு எது எண்டு தெரியல்ல. ஒவ்வொரு பொந்தாப் போய்த் தட்டிச்சி."

பிள்ளையின் உதடுகள் கூடவே அசைந்தன. ஒரு சொல் பிசகவில்லை. முதல் பொந்தில் சங்கு, இரண்டாவதில் ஒரு மீன்குஞ்சு, இரண்டும் இது உன் வீடில்லை, போ என்றன. கடையில் வேறு இரண்டு மூன்று பேர் வந்து நின்றார்கள். ஹாஜியார் விரலைக் காட்டி அவர்களை நிறுத்தினார்.

"கடைசிப் பொந்துக்கு வந்து தட்டிச்சி. உள்ளுக்க இரிந்து ஒரு சின்னச் சத்தம், யாரு? எண்டு கேட்டிச்சி."

"வாறன் மாமா" என்றது பிள்ளை. சொல்லிவிட்டுச் சிவப்புப் பொத்தானை அமத்தியது. கதை முடிந்தது என்ற நிம்மதி அதன் முகத்தில் இருந்தது.

ஸல்மா ஹிஜாபின் நுனியை வாயில் வைத்துக்கொண்டார். அந்தப் பிள்ளைக்கு எல்லாக் கதையும் அப்படித்தான் முடியும். வேறு முடிவு ஒன்று இருக்கலாம் என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. வீட்டில் தாய் கதையை நிறுத்தாமல் கொண்டுபோனதுதான் பிழையாகப் பட்டிருக்கிறது.

நஸீமா கதிரைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

"இப்ப மாமா கூப்பிடல்ல மகள்" என்றார். "இனிக் கூப்பிட மாட்டா."

பிள்ளை பெட்டியைப் பார்த்தது. தாயைப் பார்த்தது. திரும்பவும் பெட்டியைப் பார்த்தது. பிறகு மெல்லிய குரலில் கேட்டது.

"பிறகு?"

"பிறகு நண்டு சொல்லிச்சி, நான்தான் வந்திரிக்கன் எண்டு."

"பிறகு?"

நஸீமா கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கினார். பிள்ளை விடவில்லை. கதிரையிலிருந்து இறங்கி, தாயின் தோளைப் பிடித்து உலுக்கி, பிறகு, பிறகு என்று கேட்டுக்கொண்டே நின்றது. மீதியை நாங்கள் எவரும் கேட்கவில்லை. வீட்டுக்குப் போகிற வழியில் சொல்வதாக நஸீமா சொல்ல, பிள்ளை அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனது. அவசரத்தில் பெட்டி கதிரையிலேயே கிடந்தது. நான் எடுத்துக்கொண்டு எழும்பினேன்.

"உடுங்க லத்தீப்" என்றார் ஹாஜியார். "தேவையெண்டா வருவாங்க."

இதையெல்லாம் யோசித்துத்தான் மைக்கைத் துப்புரவு செய்யச் சொன்னாரா என்று நான் பிறகு பல தடவை கேட்க நினைத்தேன். கேட்டால், மைக் அடைத்திருந்தது அதுதான் என்று சொல்லியிருப்பார். அவர் மௌத்தாகிவிட்டார், இனிக் கேட்கவும் முடியாது.

வாரக் கணக்கில் எவரும் வரவில்லை. வராதது எனக்குச் சந்தோசமாக இருந்தது, உள்ளதைச் சொன்னால் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. பிரதியை அழிக்காமல் வைத்திருந்தேன், சாமான் போகவில்லையே. பிறகொரு நாள் அஸர் தொழுகைக்குச் சற்று முன் ஸல்மா தனியாக வந்தார். நஸீமா ஏஜென்சிக்காரனுக்கு மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். பிள்ளை உம்மா என்று கூப்பிடத் தொடங்கியது மெல்ல மெல்லத்தானாம், முதலில் கதை கேட்கும் நேரத்தில் மட்டும். இப்போது ஒவ்வொரு கதைக்கும் மீதியைக் கேட்டுத் தாயை உயிரெடுக்கிறதாம்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் ஹாஜியார். "அப்ப பெட்டி?"

"அதுக்குத்தான் வந்த ஹாஜியார்."

"யாரு கேக்கிற?"

ஸல்மா அலுமாரிக்குள் கிடந்த பெட்டியைப் பார்த்தார். அந்தக் கேள்விக்கு அவ்வளவு தாமதித்தவர் வேறொருவர் இல்லை.

"புள்ள இப்ப உம்மாக்கிட்ட படுக்கிறாள்" என்றார். "இவ்வளவு காலமும் எனக்கும் அவளுக்கும் நடுவிலதான் அது கிடந்தது. எனக்குத்தான் நித்திர வருதில்ல."

பிள்ளையின் கன்னத்துக்குக் கீழே கிடந்த பெட்டிக்கு மறுபக்கம் ஸல்மாவின் காதும் இருந்ததை நாங்கள் இருவரும் நினைக்கவே இல்லை. கேள்வியெல்லாம் கேட்டோம், அதை மட்டும் கேட்கவில்லை. ஹாஜியார் எழுந்தார். நான் பார்க்க, முதன்முறையாகத் தன் கையாலேயே ஒரு சாமானை எடுத்துத் துடைத்து, சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்து, ஸல்மாவின் கையில் கொடுத்தார்.

ஸல்மா போன பின் கொம்பியூட்டரில் இருந்த பிரதியை நான் அழித்தேன்.